சேற்று நிலத்தில் செல்லும் வண்டிகளில் பளு தூக்கும் ஜாக்கியைப் பொருத்த வேண்டிய இடம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நாடு ஏரிகள் நிறைந்த நாடு. செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அயப்பாக்கம், கொரட்டூர், திருநின்றவூர் முதலிய ஏரிகள் இப்பக்கத்து நிலங்களுக்கு நெடுங்காலமாய் நீர் அளித்து வந்துள்ளன. வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகியதால் நஞ்சை நிலம் பெரிதும் குறைந்துவிட்ட போதிலும், பூவிருந்தவல்லிக்கு மேற்கிலும் திருவள்ளூர் செல்லும் வழியிலும் நெல் விளையும் கழனிகள் இன்னும் உள. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால், இக்கழனிகளுக்குச் செல்லும் வண்டித்தடங்களும் ஏரிக்கரைகளும் களிமண் சேறாகிவிடுகின்றன. விதையும் உரமும் ஏற்றிச் செல்லும் மிராசுதாரின் ஜீப்பானாலும் சரி, கரையைப் பார்வையிடச் செல்லும் உத்தியோகஸ்தரின் ஜீப்பானாலும் சரி, இத்தடங்களில் அச்சு வரையில் புதைவது ஆண்டுதோறும் நிகழ்வதே.

அவ்வாறு புதைந்த வண்டிக்குச் சாதாரண பாட்டில் ஜாக்கி உதவாது. அதனை அச்சின் கீழ் வைப்பதற்கு இடமே இராது. ஆகையால் ஹை-லிப்ட் எனப்படும் உயரமான பளு தூக்கும் ஜாக்கியைப் பலர் வாங்கி வைத்துக்கொள்கின்றனர். ஆயினும் அதனை வண்டியில் எவ்விடத்தில் பொருத்துவது என்பதைச் சிலரே யோசிக்கின்றனர். தகாத இடத்தில் வைக்கப்பட்ட ஜாக்கி, வேண்டிய சமயத்தில் கைக்கு எட்டாமற் போவதோடு, உயிருக்கும் ஆபத்தை விளைவிக்கும்.

கருவியின் தன்மை

இந்த ஜாக்கி பட்டாளத்துக்கோ பந்தயத்துக்கோ செய்யப்பட்டதன்று, குடியானவர்களுக்காகவே தோன்றியது. அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் 1905-ஆம் ஆண்டு முதல் இது செய்யப்பட்டு வருகிறது. வேலிக்கம்பங்களைப் பிடுங்கவும், பண்ணைச் சாமான்களைத் தூக்கவும் அந்நாட்டு விவசாயிகள் இதனை உபயோகித்தனர். வரிசையாய்த் துளைகள் உள்ள எஃகுச் சட்டம் ஒன்றும், அதன்மீது ஏறி இறங்கும் தூக்கு பாகமும், நீண்ட கைப்பிடியும், கீழே சிறிய அடித்தகடும் இதன் உறுப்புகள். தூக்கு பாகத்திலுள்ள இரண்டு முளைகள், சுருள்வில்லின் உதவியால் மாறி மாறித் துளைகளில் நுழைந்து பளுவைப் படிப்படியாய் உயர்த்துகின்றன. சாதாரணமாய் விற்கப்படும் அளவு 48 அங்குலம், அதாவது சுமார் 122 சென்டிமீட்டர். எடை 13 அல்லது 14 கிலோ இருக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகும். ஜாக்கி நீளமானது, கனமானது. எனவே கட்டவிழ்ந்தால் அபாயகரமானது. முளைகளிலும் சுருள்வில்களிலும் சேறும் துருவும் சேர்ந்தால் அது வேலை செய்யாது. அடித்தகடு சிறிதாகையால் சேற்றில் தனியே நிற்காது. பலகையும் உடன் வேண்டும்.

பலகையின் அவசியத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அடித்தகட்டின் பரப்பு சுமார் 180 சதுர சென்டிமீட்டர். அதன்மீது 700 கிலோ பளு இறங்கினால், சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ அழுத்தம் உண்டாகும். ஈரக் களிமண் இதைத் தாங்காது. ஜாக்கிதான் கீழே இறங்குமேயன்றி வண்டி மேலே எழும்பாது. 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள கெட்டிப் பலகையை அடியில் இட்டாலோ, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.35 கிலோவாகக் குறைந்துவிடும். ஆகவே பலகையும் ஜாக்கியும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

பொருத்தத் தகாத இடங்கள்

1. முன்புறக் காப்புக் கம்பி. பார்வைக்கு அழகென்று கருதிப் பலர் இங்கே மாட்டுகின்றனர். முன்சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறும் மழைநீரும் ஜாக்கியின்மீது படியும். ரேடியேட்டருக்கு வரும் காற்றும் தடைப்படும். வண்டி முன்புறமாய்ப் புதைந்தால் ஜாக்கியும் சேற்றில் மூழ்கும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையைப் போன்ற ஜனநெருக்கமுள்ள பாதைகளில் நடப்போர்மீது மோத நேர்ந்தால் எஃகுச் சட்டம் கொடிய காயம் உண்டாக்கும். மேலும், இத்தகைய காப்புக் கம்பிகள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதமானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியுள்ளது. ஆகவே இவ்விடத்தை அறவே விலக்குக.

2. பானெட்டின் மேற்புறம். தகடு மெல்லியது, அதிர்ச்சியால் வெடிப்பு விடும். ஓட்டுவோரின் பார்வையும் மறையும். வரப்பு ஓரத்தில் சக்கரம் எங்கே செல்கிறது என்பதைக் காண இயலாத வண்டி, கவிழக் காத்திருக்கும் வண்டியே.

3. கூரைக் கேரியர். சேறும் தூசியும் இங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் ஜாக்கியும் பலகையும் சேர்ந்து 20 கிலோ உயரத்தில் அமையுமானால், சரிந்த கரையில் வண்டி மேலும் சாயும். சாய்ந்து நிற்கும் வண்டியின் கூரைமீது ஏறி 14 கிலோ இரும்பை இறக்குவதும் எளிதன்று.

4. பின்கதவு. ஸ்டெப்னியின் பாரத்தை ஏற்கெனவே சுமக்கும் கீல்கள் இதனால் மேலும் தொய்வடையும். ஓடும் வண்டியின் பின்புறத்தில்தான் தூசி மிகுதியாய்ப் படிகிறது. வண்டியின் பின்பக்கம் வரப்பில் சாய்ந்துவிட்டால் கதவைத் திறக்கவும் முடியாது.

5. உள்ளே தளர்வாய்க் கிடத்தல். யாவற்றிலும் ஆபத்தானது இதுவே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு மரத்தில் மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், கட்டப்படாத 14 கிலோ ஜாக்கியை அதே தூரத்தில் நிறுத்துவதற்குச் சுமார் 175 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அவ்விசையைத் தாங்கப்போவது முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகும் தலையுமே.

உகந்த இடம்

நல்ல இடத்துக்கு வேண்டிய லக்ஷணங்கள் நான்கு: தாழ்வாய் இருத்தல், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் இருத்தல், சேறும் மழையும் படாதிருத்தல், வண்டி எப்பக்கம் சாய்ந்தாலும், மூட்டை ஏற்றியிருந்தாலும், கைக்கு எட்டுதல்.

ஜீப்பில் இந்நான்கும் பொருந்தும் இடம் முன் ஆசனங்களுக்குப் பின்னால், தரையை ஒட்டிய குறுக்குவாட்டமாகும். இங்கே வைத்தால் இரு கதவுகளின் வழியாகவும் எடுக்கலாம். குறுக்கே அகலம் போதாதெனில், பின்சக்கர மட்கார்டின் உட்புறத்தை ஒட்டி, தரையோரமாய் நீளவாட்டில் பொருத்தலாம். வாங்குமுன்பே இடத்தை அளந்து பார்த்தல் நன்று.

உள்ளே இடமே இல்லாத திறந்த ஜீப்புகளில் உடலின் வெளிப்பக்கத்தை நாடலாம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளில் கோடரியும் மண்வாரியும் இடப்பக்க வெளிச்சுவரில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன. ஆவடியில் 1961-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்வது இப்பக்கத்தார் அறிந்ததே. எந்நாட்டு டாங்கியானாலும் கடப்பாரை, மண்வாரி, இழுவைக் கயிறு ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறித்த இடமும் குறித்த பிடியும் உண்டு. இருளிலும் கை தானாகவே அங்கே செல்லும். குடியானவரின் வண்டிக்கும் இவ்வொழுங்கு தகும். வெளியில் பொருத்துவோர் ஜாக்கி பக்கவாட்டில் துருத்தாதபடி பார்த்து, தூக்கு பாகத்துக்குக் கித்தான் உறை இடவேண்டும்.

லோடு வண்டிகளில், சுமைப் பெட்டிக்குள் ஓட்டுநர் அறையை ஒட்டிய முன்பலகையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குறுக்காய்ப் பொருத்தி, பக்கவாட்டிலிருந்து உருவி எடுக்க வழி விடுக. தரையிலேயே கிடத்தினால் நெல் மூட்டைகளின் கீழ் புதைந்துவிடும். டிராக்டரில் ஆசனத்தருகே கட்டலாகாது. டிரெய்லரின் முன்பலகையே தக்க இடம்.

பொருத்தும் முறை

இரண்டு பிடிகள் வேண்டும். 5 மில்லிமீட்டர் தகட்டில் இவற்றை வெட்டி வளைத்துக் கொடுக்கும் பட்டறைகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் உண்டு. பிடிகளை 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளால், தரைத்தகட்டின் அடியில் அகன்ற வாஷர் தகடு இட்டு முடுக்குக. மெல்லிய தகட்டில் திருகாணி மட்டும் இட்டால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். சேஸின் பிரதான சட்டங்களில் புதிதாய்த் துளை இடாமல், உள்ள துளைகளையே பயன்படுத்துக. அடியில் பெட்ரோல், பிரேக் குழாய்களும் மின்கம்பிகளும் செல்கின்றனவா என்று பார்த்த பின்னரே துளையிடவேண்டும். ஜாக்கிக்கும் பிடிக்கும் இடையே ரப்பர் வைத்தால் சத்தமும் தேய்மானமும் குறையும். கைப்பிடி தனியே ஆடாதபடி சட்டத்தோடு கவ்வியிருக்கவேண்டும். வெளியில் இருப்பதற்குப் பூட்டும் அவசியம். சாவி வண்டிச் சாவியோடு சேர்ந்திருக்கட்டும்.

தூக்குமிடம்

ஜாக்கியைப் பொருத்துமுன் வண்டியை எங்கே பிடித்துத் தூக்குவது என்பதையும் தீர்மானிக்கவேண்டும். சேஸோடு பிணைந்த இரும்பு பம்பரே இதற்கு ஏற்றது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் பம்பர் பிளாஸ்டிக்காலானது. அது பளுவைத் தாங்காது. கதவின் கீழுள்ள மெல்லிய தகடும் அப்படியே. அத்தகைய வண்டிகளுக்குச் சக்கரத்தையே கொக்கியிட்டுத் தூக்கும் பட்டை ஒன்றை ஜாக்கியோடு வைத்துக்கொள்க.

தூக்குமுன் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும். உயர்த்திய வண்டியின் கீழ் ஒருவரும் செல்லலாகாது. சக்கரத்தின் அடியில் கல்லும் தழையும் இடுவோரும் கையை உள்ளே நீட்டாமல் கோலால் தள்ளவேண்டும். கைப்பிடிக்கு நேரே முகத்தை வைக்கலாகாது; நழுவினால் தாடை முறியும். ஓயும்போதெல்லாம் கைப்பிடியைச் சட்டத்தோடு நிமிர்த்தி வைக்கவேண்டும். பளு மிகவும் குறைந்த நிலையில் இறக்கினால் தூக்கு பாகம் படிப்படியாய் இறங்காமல் ஒரேயடியாய் விழும் என்பதையும் நினைவிற் கொள்க.

பராமரிப்பு

மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியில், ஜாக்கியைக் கழற்றிக் கழுவி உலர்த்தி, முளைகளுக்கும் சுருள்வில்களுக்கும் மெல்லிய எண்ணெய் இடுக. கெட்டிக் கிரீஸ் மணலைப் பிடித்துக்கொள்ளுமாதலால் கூடாது. பிடிகளின் நட்டுகளை மாதம் ஒருமுறை முடுக்குக. வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் மேட்டு நிலத்தில் ஒருமுறையேனும் ஜாக்கியை எடுத்து, பலகையிட்டு, தூக்கி இறக்கிப் பழகவேண்டும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டபோது இப்பக்கத்தார் கண்ட வெள்ளம் மறக்கத்தக்கதன்று. அத்தகைய இரவில் கரையோரத்தில் புதைந்த வண்டியை மீட்பதற்குக் கிடைக்கும் அவகாசம் சொற்பமாகும். மூட்டைகளின் அடியில் ஜாக்கியைத் தேடுவதில் அது கழியலாகாது. ஆகவே விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் இப்பருவம் தொடங்குமுன்னரே தத்தம் வண்டிகளைச் சோதித்து, ஜாக்கியைத் தாழ்வான இடத்தில், அச்சுகளின் நடுவே, இறுகப் பிணைத்து வைத்துக்கொள்வார்களாக.