மூன்றாம் தரம் கூவும் முன்: இணைய ஏலத்தில் புதுமுகங்கள்

நாம் சொல்லும் ‘ஏலம்’, மலாய்க்காரர்கள் சொல்லும் ‘லெலோங்’ ஆகிய இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை என்பர். அக்கால ஏலத்தில் கேட்பவர் எதிரிலேயே நின்றார். ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கூவியவருக்கு அவருடைய முகம் தெரியும். எந்தக் கடைக்காரர், யாருடைய மகன் என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். இணைய ஏலத்தில் நமக்குக் கிடைப்பது ஒரு புனைபெயரும் அதன் அருகே ஓர் எண்ணும் மட்டுமே. அந்த எண் பூஜ்யமாக இருந்தால் என்ன செய்வது?

நம்மில் பலருடைய வீட்டில் தாத்தா காலத்து அஞ்சல்தலை ஏடு ஒன்று அலமாரியில் தூங்கிக் கொண்டிருக்கும். என் தாய்மாமாவின் ஏடுகளை இணையத்தில் ஏலம் விடும் பொறுப்பு இரண்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. விற்ற பணத்தில் ஒரு பங்கு என் விடுதிக் கட்டணத்திற்குப் போகிறது. ஆகவே, இந்தக் கேள்வி எனக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வியன்று.

புதியவர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று முடிவு செய்யும் விற்பனையாளர்கள் உண்டு. ‘மதிப்பீடு பத்துக்குக் கீழ் உள்ளவர்கள் கேட்க வேண்டாம்’ என்று விளம்பரத்திலேயே எழுதி வைப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஈபே தளம் 1995இல் தொடங்கியது; வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறை 1996இல் வந்தது. சேர்ந்த அன்று எல்லாருக்கும் பூஜ்யம்தான். சரி, எண் பெரிதாக இருந்தால் நம்பலாமா? 2008 முதல் அத்தளத்தில் விற்பவர்கள் வாங்குபவருக்குப் பாதக மதிப்பீடு தர முடியாது. பழிக்குப் பழியாகக் குறை எழுதும் வழக்கத்தை நிறுத்தவே இந்த மாற்றம் என்றனர். அதன் விளைவு என்ன? வாங்குபவரின் பக்கத்தில் நல்லவை மட்டுமே பதிவாகின்றன. ஆக, பெரிய எண் அவர் பழைய வாடிக்கையாளர் என்பதைச் சொல்லும். நாணயமானவர் என்று சான்று தராது. பூஜ்யமும் அப்படித்தான். அது ஒரு குற்றப் பத்திரிகை அன்று.

விற்பவர்கள் அஞ்சும் ஆபத்துகள் உண்மையில் இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் தேவையற்ற இடத்தில் பயமும் தேவையான இடத்தில் அலட்சியமும் வருகின்றன.

முதல் ஆபத்து, ஏலத்தை வென்றவர் பணம் கட்டாமல் மறைந்து போவது. பொருள் நம் கையில்தான் இருக்கிறது. இழப்பது காலத்தை மட்டுமே. ஈபேயில் நான்கு நாள் பொறுத்திருந்து, பணம் வராவிட்டால் விற்பனையை ரத்து செய்யலாம். பணம் செலுத்தாதவர் என்ற பதிவு அவர் கணக்கில் ஏறும். அத்தகைய பதிவு உள்ளவர்கள் நம் பொருள்களைக் கேட்க முடியாதபடி முன்கூட்டியே தடை போடவும் வசதி உண்டு. நாம் அனுப்பாத நாட்டினரையும் அவ்வாறே தடுக்கலாம்.

ஆனால், இதில் நுட்பமான சேதம் ஒன்று உண்டு. ஈபேயில் ஒருவர் தம் உச்சத் தொகையைச் சொல்லி வைத்தால், அடுத்தவரின் உச்சத்தை விடச் சற்றே கூடுதலான விலையில் தளம் அவருக்காகக் கேட்கும். மூவர் போட்டியிடுவதாகக் கொள்வோம்: முதல்வரின் உச்சம் 300 வெள்ளி, இரண்டாமவர் 250, மூன்றாமவர் 110. முதல்வர் 250க்குச் சற்று மேலே வென்றுவிட்டு மறைகிறார். இப்போது, தோற்ற இரண்டாமவருக்கு அவர் சொன்ன 250 வெள்ளிக்கே பொருளைத் தரத் தளம் வழி செய்கிறது. எண்ணிப் பாருங்கள்: மறைந்தவர் வராமலே இருந்திருந்தால், இரண்டாமவர் அதை 110க்குச் சற்று மேலே வாங்கியிருப்பார்! விற்பவர் தம் நண்பரை வைத்து விலையை ஏற்றிய கள்ள ஏலமும் வெளியிலிருந்து பார்க்க இப்படியேதான் இருக்கும். அவர் சந்தேகப்பட்டால் குறை சொல்ல முடியாது. மறைந்தவர் புதுமுகமாக இருந்தால் நான் அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதில்லை. பொருளை மறுபடியும் ஏலத்தில் வைக்கிறேன். மாமாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டாம் ஆபத்தில்தான் பொருளே போய்விடும். பணம் வந்தது போல் தோன்றும், அனுப்புவோம், பிறகு பணம் திரும்பிப் போகும். திருட்டு அட்டையில் வாங்கியிருந்தால், அட்டையின் உண்மையான உரிமையாளர் வங்கியில் புகார் செய்வார். இன்னொரு வகை, விலையை விடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பி, ‘மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்பது. காசோலை பின்னர் திரும்பி வரும். நாம் அனுப்பிய மீதி வராது. உள்ளூரில் முகநூல் குழுக்களில் நடக்கும் லெலோங்கில் வங்கி ரசீதின் படத்தைப் புலனத்தில் அனுப்பி அவசரப்படுத்துவார்கள். படம் பணமாகாது. நம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும். காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் ஒருவருடைய தொலைபேசி எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ இட்டு, அதன் மேல் புகார் உள்ளதா என்று இலவசமாகப் பார்க்கலாம்.

சேகரிப்புப் பொருளுக்கென்றே உள்ள தொல்லை, மாற்றி வைப்பது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்களுக்காக, இந்திய அஞ்சல்தலைகளின் மேல் கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சிட்டு வெளியிட்டனர். ஜப்பானியர் ஆட்சியிலும் மலாயா அஞ்சல்தலைகளின் மேல் இவ்வாறே மேலச்சுப் பதித்தனர். இவற்றின் விலையே பெரும்பாலும் அந்த மேலச்சில்தான் அடங்கியிருக்கிறது. போலிகள் மலிந்ததற்கும் அதுவே காரணம். நம்மிடம் அசலை வாங்கி, தம்மிடமிருந்த போலியைத் திருப்பி அனுப்பி, ‘விளம்பரத்தில் சொன்னபடி இல்லை’ என்று பணத்தைக் கேட்பவருக்கு நம் பதில் படங்கள்தாம். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரத்துப் பற்கள், அஞ்சல் முத்திரை விழுந்த கோணம் எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். பற்களும் முத்திரையும் கைரேகை மாதிரி. இரண்டு தலைகளில் ஒன்றுபோல் அமைவது அரிது. இந்தத் தந்திரத்தைச் செய்பவர் புதுமுகமாகத்தான் இருப்பார் என்று எண்ண வேண்டாம். அசலையும் போலியையும் பிரித்தறியத் தெரிந்தவரே இதைச் செய்ய முடியும்.

புதியவர் ஒருவர் பெரிய தொகை கேட்டால், ஏலம் முடியும் முன்பே நான் ஒரு சிறு மடல் எழுதுவேன்: ‘வணக்கம், தங்கள் ஆர்வத்திற்கு நன்றி. எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும்? தாங்கள் மலாயாத் தலைகளைச் சேகரிப்பவரா?’ சேகரிப்பவர்களுக்குப் பேச்சு என்றால் உயிர். ஒருமுறை பூஜ்ய மதிப்பீட்டுக்காரர் ஒருவர், பின்பக்கத்தில் பசை உள்ளதா, ஏட்டில் ஒட்டிய தாளின் தடம் உள்ளதா, மேலச்சு சற்றுச் சாய்ந்திருக்கிறதே என்று ஒரு பக்கத்திற்குப் பதில் எழுதினார். அவரை நான் ஏன் தடுக்க வேண்டும்? மாறாக, பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இன்றி, ‘தளத்திற்கு வெளியே பணம் தருகிறேன், இன்றே என் நண்பரின் முகவரிக்கு அனுப்புங்கள்’ என்றால், அவருடைய மதிப்பீடு ஆயிரமாக இருந்தாலும் நான் அவர் கேட்பை நீக்கிவிடுவேன். விற்பவருக்கு அந்த உரிமை உண்டு.

விலை உயர்ந்தவற்றைப் பதிவு எண்ணும் கையொப்பமும் பெறும் அஞ்சலில், தளத்தில் பதிவான முகவரிக்கு மட்டுமே அனுப்புகிறேன். பதிவெண் இல்லாமல் அனுப்பிய பொருள் போய்ச் சேரவில்லை என்று வாங்கியவர் சொன்னால், மறுக்க நம்மிடம் எதுவும் இராது. அஞ்சல் செலவு கூடுகிறது, உண்மைதான். அதை விளம்பரத்திலேயே சொல்லி விடுகிறேன். மலிவான தலைகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. பத்து வெள்ளிப் பொருளைப் புதியவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். மேற்சொன்ன ஒரு பக்கக் கடிதக்காரரும் முதலில் பன்னிரண்டு வெள்ளித் தலை ஒன்றைத்தான் எடுத்தார். அவருக்கு முதல் மதிப்பீடு எழுதியது நான்தான்.