கணினித் தொழிலில் அடுத்த ஒப்பந்த வேலை

நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவருள் கணினித் தொழிலை நாடுவோர் பலர். அவருள் ஒரு சாரார் நிலையான உத்தியோகத்தில் அமர்கின்றனர். மற்றொரு சாரார் ஆறு மாதம், ஓராண்டு எனக் காலவரை குறித்த ஒப்பந்த வேலையிற் புகுகின்றனர். சென்னை, பெங்களூர், ஹைதராபாத் ஆகிய நகரங்களில் இவ்விரண்டாம் வகையினரின் தொகை சிறிதன்று. குறித்த நாள் வந்ததும் இவர் வேலை முடிவுறும். அடுத்த வேலையை இவரே தேடிக்கொள்ளல் வேண்டும். தொழில் செழித்த காலத்தில் இத்தேட்டம் ஓரிரு வாரத்தில் முடியும். மந்தமுற்ற காலத்திலோ மாதங்கள் பல கழிதலும் உண்டு. அத்தகைய காலத்தில் அடுத்த ஒப்பந்தத்தை அடையும் வழி யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒப்பந்த வேலையின் அமைப்பை அறிதல் நலம். இதில் வேலை நடக்கும் இடம் ஒன்று. சம்பளம் வரும் இடம் மற்றொன்று. வேலையை உடைய கம்பெனியைக் கிளையண்ட் என்றும், அதற்கு ஆள் அனுப்பும் கம்பெனியை வெண்டார் என்றும் வழங்குவர். முதல் வெண்டாருக்குக் கீழே இரண்டாவது வெண்டார் நிற்பதும் உண்டு. கிளையண்ட் கொடுக்கும் தொகையில் ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சியதே தொழிலாளர் கையை அடையும். ஆகையால், இடையில் நிற்போர் எத்துணைபேர் என்பதைத் தொடக்கத்திலேயே வினவி அறிதல் வேண்டும். சிலர் இடைநிற்போரின்றித் தாமே பில் எழுதிப் பணம் பெறுவர். அவர்தம் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடக்குமாயின் ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ளல் வேண்டும். மருத்துவ இன்சூரன்ஸும் முதுமைக்கால நிதியும் அவரே தேடிக்கொள்ள வேண்டியனவாம்.

இனி, மந்தம் நேர்ந்த காரணத்தை நோக்குவோம். இந்தியக் கணினிக் கம்பெனிகளின் வருவாயில் பெரும்பகுதி அமெரிக்காவினின்றும் வருவது. அந்நாட்டு மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஏறத்தாழச் சூனியமாயிருந்த வட்டி வீதத்தை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 விழுக்காடு வரை உயர்த்தியது. கடன் வாங்கும் செலவு மிகவே, அங்குள்ள கம்பெனிகள் புதிய திட்டங்களை ஒத்திவைத்தன. மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும், கூகிளின் தாய்க் கம்பெனி 2023 ஜனவரியில் ஏறத்தாழ 12,000 பேரையும் விலக்குவதாக அறிவித்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், எளிய நிரல் எழுதும் வேலைக்கு இத்தனை ஆள் வேண்டுமோ என்னும் ஐயமும் முதலாளிகட்கு எழுந்தது. நம் நாட்டில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஊழியருள் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கவிருப்பதாக 2025 ஜூலையில் தெரிவித்தது. இங்ஙனம் செலவைச் சுருக்குங்கால் முதலில் நிறுத்தப்படுவோர் ஒப்பந்த ஊழியரே. ஆயினும் இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. நிலைமை சிறிது திருந்தத் தொடங்கும்போது, நிலையான ஆளை நியமிக்க அஞ்சும் முதலாளி ஒப்பந்த ஆளையே முதலில் அழைப்பார். ஆதலின் ஒப்பந்த ஊழியர் முற்றும் நம்பிக்கையிழத்தல் வேண்டா.

வழிகளுள் தலையாயது, கையில் வேலை இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குதல். தாகம் எடுத்தபின் கிணறு தோண்டுவோர் போல, கடைசி நாள் கழிந்தபின் தேடுவோர் பலர். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, தம் வேலையை மேற்பார்க்கும் அதிகாரியிடம், நீட்டிப்பு உண்டா என்று நேரே கேட்டல் வேண்டும். இல்லையெனில், அக்கம்பெனியின் வேறு பிரிவில் ஆள் தேவையா என்று கேட்கலாம். அவ்விடத்து வேலைமுறையை முன்னரே அறிந்தவர் என்னும் சிறப்பு இவருக்கு உண்டன்றோ? ஒன்றும் இல்லையாயினும், நற்சான்று ஒன்றை எழுத்து வடிவில் அப்போதே பெற்றுக்கொள்ளல் நன்று. அதிகாரிகளும் இடம் மாறுவர். ஓராண்டு கழிந்தபின் அவரைத் தேடிப் பிடித்தல் அரிது.

இரண்டாவது, விளம்பரத்தினும் அறிமுகத்தையே மிகுதியும் நம்புதல். நௌக்ரி, லிங்க்ட்இன் முதலியவற்றில் வெளிவரும் அறிவிப்பு ஒன்றற்கு மந்த காலத்தில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் விரைந்து குவியும். ஆறு மாதத்திற்கு ஆள் வேண்டும் முதலாளிக்கோ, அத்தனையையும் படிக்கப் பொழுதும் இராது. வந்தவருக்குக் கற்பிக்கப் பொழுதும் இராது. எனவே அவர், “இவ்வேலையை அறிந்தவர் எவரேனும் உளரோ?” என்று தம்மோடு பழகியோரையே வினவுவார். அவ்வினா எழும் வேளையில் நம் பெயர் ஒருவர் நினைவிற்கு வருதல் வேண்டும். இதன் பொருட்டு, முன்பு உடன் வேலை செய்தோர், மேற்பார்த்தோர், உடன் படித்தோர் ஆகியோருள் முப்பது பேரைத் தெரிந்து, தனித்தனியே சிறு மடல் எழுதுக. இன்ன வேலை செய்து முடித்தேன், இன்ன நாள் முதல் ஓய்வாயிருப்பேன், இன்ன வகை வேலை செய்ய வல்லேன் என மூன்று செய்திகள் அதில் இருந்தாற் போதும். இரங்கத்தக்க சொற்கள் வேண்டா.

வெண்டார்கள் வழியே செல்லுங்கால் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஒரே ஆளின் பெயர் இரண்டு வெண்டார்கள் மூலமாக ஒரே கிளையண்டை அடைவதுண்டு. எவருக்குப் பங்கு உரியது என்னும் பிணக்குக்கு அஞ்சி, அக்கம்பெனி அவ்விண்ணப்பத்தையே தள்ளிவிடும். தகுதி இருந்தும் பலர் இதனால் வாய்ப்பை இழக்கின்றனர். எந்த வெண்டாருக்கு, எந்தக் கிளையண்டின் பொருட்டு, எந்த நாளில் இசைவு தந்தோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது இத்தீங்கைத் தடுக்கும். கிளையண்டின் பெயரைச் சொல்ல மறுக்கும் வெண்டாருக்கு இசைவு தரலாகாது.

தகுதிக் குறிப்பில், கற்ற கருவிகளின் பெயர்களை அடுக்குவதினும், செய்த காரியத்தையும் அதனால் விளைந்த பயனையும் கூறுதல் சிறப்பு. ஒரு வங்கியின் இரவுக் கணக்கு ஆறு மணி நேரம் ஓடியதை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன் என்று ஒருவர் எழுதுவாராயின், அவ்வொரு வரி பத்துக் கருவிகளின் பெயருக்கு ஈடாகும். பொய் அனுபவம் சேர்த்தல் மட்டும் கூடாது. சேமநல நிதிக்கு 2014-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெற்றுவரும் யூ.ஏ.என். என்னும் எண், எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் செலுத்தியது என்பதை வெளிப்படுத்திவிடும். முதலாளிகள் அதனை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஒருமுறை வெளிப்பட்ட பொய் பின்வரும் உண்மைகளையும் கெடுத்துவிடும்.

இனிக் கூலியைப் பற்றி ஒரு சொல். மந்த காலத்தில் முன் பெற்றதினும் குறைந்த தொகையே பேசப்படும். அதனை இழிவெனக் கருதி மறுப்போர் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மாதம் 1,00,000 ரூபாய்க்காக இரண்டு மாதம் காத்திருந்து பத்து மாதம் உழைப்பவர் ஆண்டில் 10,00,000 ரூபாய் பெறுவர். 90,000 ரூபாய்க்கு உடனே இசைந்து பன்னிரண்டு மாதம் உழைப்பவர் 10,80,000 ரூபாய் பெறுவர். ஆறு மாதத்திற்குப் பின் தொகையை மறுபடி பேசுவது என்னும் வாசகத்தை ஒப்பந்தத்திற் சேர்த்துக்கொண்டால் குறைவும் நெடிது நிலையாது. மேலும், இடைவெளி என்பது இத்தொழிலின் ஒரு பகுதியே. குடும்பச் செலவு மாதம் 60,000 ரூபாய் உடையவர்க்கு ஆண்டில் ஒன்பது மாதமே வேலை கிடைக்குமாயின், அம்மாதங்களில் 80,000 ரூபாய் கைக்கு வந்தாலன்றி ஆண்டு முழுதும் ஓடாது. அவ்வுபரித் தொகை செலவிற்கு உரியதன்று. வேலையற்ற மாதங்களின் சம்பளமே முன்கூட்டி வந்திருக்கிறது என்று கொள்க. எகிப்தில் யோசேப்பு விளைவு மிகுந்த ஏழாண்டில் தானியம் சேர்த்து வைத்தமையாலன்றோ பின்வந்த பஞ்சத்தில் மக்கள் பிழைத்தனர்?

வேலையற்றோரின் நெருக்கடியையே முதலாகக் கொண்டு வாணிபம் செய்வோரும் உளர். முன்பணம் கேட்போரையும், மூலச் சான்றிதழ்களை வாங்கிவைத்துக்கொள்வோரையும் அணுகாதிருத்தல் வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வருத்தப்பட்ட செய்தியும், அதுகுறித்து 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் விடுத்த எச்சரிக்கையும் யாவரும் அறிந்தன. அவ்வாறு சிக்கியோருள் தமிழரும் இருந்தனர். நெருக்கடியில் இருப்பவர் ஆராயாமல் ஒப்புவதே வஞ்சகருக்கு வாசலாகிறது.

இறுதியாக ஒன்று கூற வேண்டும். வேலையின்றி வீட்டில் இருப்பவரைச் சோம்பர் என எண்ணும் வழக்கம் நம்மிடை உண்டு. இது அநியாயம். திராட்சைத் தோட்டத்து உவமையில், பதினோராம் மணி வேளையிலும் சந்தையில் நின்றவர்கள் சோம்பியவர்களல்லர். அவர்களை எவரும் கூலிக்கு அழைக்கவில்லை. வட்டி வீதம் உயர்ந்ததற்கு வீட்டிலிருக்கும் பிள்ளை பொறுப்பாளியல்லன். பெற்றோரும் உற்றோரும் இதனை உணர்வாராயின், தேடுவோரின் மனச்சுமையிற் பாதி குறையும்.

நல்ல நிலையில் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கும் இதிற் கடமை உண்டு. மடல் எழுதிய இளையோர்க்கு வேலை தர இயலாது போயினும், ஒரு நாளுக்குள் மறுமொழி தரல் இயலும்; தம் பிரிவில் எழும் தேவையை ஒரு சொல்லால் அறிவித்தல் இயலும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அத்தகைய ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றன. இன்று பதில் எதிர்நோக்கும் மாணவர் நாளை பதில் தரும் இடத்தில் அமர்வர். அன்று அவரும் இதனை மறவாதிருப்பாராக.