விடுமுறையும் வீடியோ விளையாட்டும்: விமர்சனங்களை எப்படி வாசிப்பது?

யூன் மாத இறுதியில் மூடப்படும் பள்ளிக்கூடங்கள் மீண்டும் திறப்பது செப்ரெம்பரில், தொழிலாளர் தினத்துக்குப் பின்னர்தான். இடையில் ஒன்பது, பத்துக் கிழமைகள். இங்கே கனடாவில் வளரும் எமது பிள்ளைகளுக்கு அது பொற்காலம். பெற்றோருக்கோ கொஞ்சம் சிக்கலான காலம். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ துணைக்கு இருப்பார்கள். பிள்ளை சத்தம் போடாமல் அறைக்குள் இருக்கிறது என்றால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த அறைக்குள் பெரும்பாலும் ஒரு வீடியோ விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

விடுமுறை தொடங்கியதும் புதிய விளையாட்டு ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "அம்மா, இதுக்கு எல்லாரும் நல்ல ரிவியூ குடுத்திருக்கினம், பாருங்கோ" என்று திரையைக் காட்டுவார்கள். ஐந்து நட்சத்திரங்களைப் பார்த்ததும் நாமும் காசைக் கொடுத்துவிடுகிறோம். அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்கள் யார்? அவர்கள் எதை வைத்து நல்லது என்கிறார்கள்? பிள்ளையின் கண்ணுக்கும் நித்திரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இம்முறை இதைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் ஒரு நியாயம்

வீடியோ விளையாட்டு என்றாலே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் இருக்கும் மச்சானோடும் கொழும்பில் இருக்கும் மச்சாளோடும் எமது பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது இந்தத் திரைகளில்தான். வன்முறை விளையாட்டு விளையாடும் பிள்ளை வன்முறையாளனாக மாறிவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் வெளியிட்ட தீர்மானத்தில், கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்துக்கும் இவ்விளையாட்டுகளுக்கும் சிறு தொடர்பு இருக்கிறது, ஆனால் கொடிய வன்முறைக்கு இவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது.

நலவாழ்வு நோக்கில் பார்த்தால் கேள்வி வேறு. விளையாட்டு எடுத்துக்கொள்ளும் நேரம் எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதே அது. கனடாவில் 2016 இல் வெளியான 24 மணிநேர அசைவு வழிகாட்டி, 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பது நாளொன்றுக்கு 2 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்கிறது. 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். 5 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணித்தியால நித்திரையும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணித்தியால நித்திரையும் வேண்டும். பள்ளிக்காலத்தில் மணியடித்து, பஸ் வந்து, இந்தக் கணக்கில் பாதி தானாகவே நடந்துவிடும். விடுமுறையில் அந்த வேலி இல்லை. வேலியைப் போட வேண்டியவர்கள் நாமே.

உடலுக்கு என்ன நடக்கிறது?

கண்: திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைகிறது. அதனால் கண் காய்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒரு பொருளை இருபது விநாடி பார்க்க வேண்டும் என்பது கண் வைத்தியர்கள் சொல்லும் எளிய விதி. கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் வெளி வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு. தாய்வான் நாடு 2010 இல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைபாடு அதன் பின்னர் இறங்கத் தொடங்கியது. ஒன்ராறியோவில் 19 வயது வரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு கண் பரிசோதனைக்கு அரச காப்புறுதி உண்டு. விடுமுறை அதற்கு ஏற்ற காலம்.

கை: 1990 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஒரு கடிதம் வெளியானது. நின்ரெண்டோ விளையாட்டை ஐந்து மணித்தியாலம் இடைவிடாமல் விளையாடிய 35 வயதுப் பெண் ஒருவருக்குக் கட்டைவிரலில் கடும் வலி ஏற்பட்டதாம். அதற்கு 'நின்ரெண்டினைற்றிஸ்' என்று வைத்தியர் வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். பெயர் வேடிக்கை, வலி உண்மை. கட்டைவிரல், மணிக்கட்டு, கழுத்து மூன்றும் இன்றும் அதே முறைப்பாட்டைத்தான் சொல்கின்றன.

நித்திரை: கோடையில் ரொறன்ரோவில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகிறது. பிள்ளைகள் ஏற்கெனவே பிந்தித்தான் படுக்கிறார்கள். திரையின் வெளிச்சம் நித்திரையை வரவழைக்கும் மெலற்றோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. விளையாட்டின் பரபரப்பு அதற்கு மேல். படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக நிறுத்துவது நல்லது.

வலிப்பு: பளிச்சிடும் ஒளியால் சிலருக்கு வலிப்பு வரலாம். 1997 டிசெம்பரில் யப்பானில் ஒரு பொக்கிமொன் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்த அறுநூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இந்த ஆபத்து மிகச் சிலருக்கே உண்டு. ஆனால் குடும்பத்தில் வலிப்பு நோய் உள்ளவர்கள் விளையாட்டு உறையிலுள்ள எச்சரிக்கையைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

விமர்சனம் எழுதுபவர் யார்?

முன்பு சஞ்சிகைகளில் தொழில்முறை விமர்சகர்கள் எழுதினார்கள். இன்று விளையாடுபவர்களே எழுதுகிறார்கள், யூரியூப்பில் பேசுகிறார்கள். இவர்களில் நேர்மையாக, பொறுமையாக எழுதுபவர்கள் ஏராளம். ஆனாலும் மூன்று வகையினரை அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

முதலாவது, விளையாடாமலே எழுதுபவர். 2020 யூனில் 'த லாஸ்ற் ஒஃப் அஸ் பார்ட் 2' வெளியானது. விளையாடி முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டிய அந்த விளையாட்டுக்கு, வெளியான அன்றே ஆயிரக்கணக்கானோர் மெற்றாகிறிற்றிக் தளத்தில் மிகக் குறைந்த புள்ளிகளைப் போட்டார்கள். தொழில்முறை விமர்சகர்கள் கொடுத்ததோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அடுத்த மாதமே அத்தளம், விளையாட்டு வெளியாகி 36 மணித்தியாலம் கழிந்த பின்னரே பயனாளர்கள் விமர்சனம் எழுதலாம் என்று விதி கொண்டுவந்தது.

இரண்டாவது, காசு வாங்கிப் பேசுபவர். 2014 இல் வந்த 'மிடில் எர்த்: ஷாடோ ஒஃப் மொர்டோர்' விளையாட்டைப் புகழ்ந்து பேச யூரியூப் பிரபலங்களுக்குப் பணம் கொடுத்ததையும், அது பார்ப்பவர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை என்பதையும் காட்டி, அமெரிக்க வர்த்தக ஆணையம் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்டியது. 2016 இல் அது இணக்கத் தீர்வில் முடிந்தது.

மூன்றாவது, உங்கள் பிள்ளையை மனதில் வைக்காமல் எழுதுபவர். இவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தைந்து வயது இளைஞர் தனக்குப் பிடித்ததை எழுதுகிறார். 2013 இல் வந்த 'கிராண்ட் தெஃப்ற் ஓட்டோ 5' விமர்சகர்களின் மிக உயர்ந்த பாராட்டைப் பெற்ற விளையாட்டுகளில் ஒன்று. அது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பதும் அதன் உறையிலேயே இருக்கிறது. நல்ல விளையாட்டு என்பது வேறு, பத்து வயதுப் பிள்ளைக்கு நல்ல விளையாட்டு என்பது வேறு.

பாராட்டைத் திருப்பி வாசியுங்கள்

நாம் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இதுதான். விமர்சகர் எதைப் புகழ்கிறாரோ, அதுவே சில வேளைகளில் பெற்றோருக்கு எச்சரிக்கை.

"கையை எடுக்கவே முடியவில்லை", "விடியும்வரை விளையாடினேன்", "இன்னும் ஒரு சுற்று என்று தொடங்கி ஐந்து மணித்தியாலம் போனதே தெரியவில்லை" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். எழுதியவருக்கு அது மகிழ்ச்சி. அறைக்குள் தனியாக இருக்கும் உங்கள் பிள்ளைக்கு, நிறுத்துவதற்கு இடமே இல்லாத விளையாட்டு அது என்று அர்த்தம். "தினமும் வந்தால் பரிசு கிடைக்கும்" என்று பாராட்டினால், ஒரு நாள் விட்டால் பரிசு போய்விடும் என்று வாசியுங்கள். "உலகம் முழுவதும் நண்பர்கள் கிடைத்தார்கள்" என்றால், முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையோடு பேசலாம் என்று வாசியுங்கள். "இலவசம்" என்றால், காசு எங்கே பிடுங்குகிறார்கள் என்று தேடுங்கள். ஃபோர்ட்நைற் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், பிள்ளைகளின் தனியுரிமை தொடர்பாகவும், விளையாடுபவர்களை விரும்பாமலே பொருள் வாங்க வைத்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டுகளுக்காக 520 மில்லியன் டொலர் செலுத்த 2022 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. அதில் 245 மில்லியன் டொலர் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. அந்த விளையாட்டு இலவசமாகவே கிடைப்பது.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

விமர்சனத்தைப் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து வாசியுங்கள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்களைத் தேடுங்கள். நல்லதையும் குறையையும் சேர்த்துச் சொல்பவர்கள் அவர்கள்தான். பின்னர் இவற்றைக் கேளுங்கள்.

1. எழுதியவர் எவ்வளவு நேரம் விளையாடினார்? ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு விமர்சனத்தோடும் இந்தக் கணக்கு இருக்கும். அரை மணித்தியாலம் விளையாடியவரின் தீர்ப்பும் ஐந்நூறு மணித்தியாலம் விளையாடியவரின் தீர்ப்பும் அளவு கடந்தவையாக இருக்கலாம்.

2. எங்கே நிறுத்தலாம்? மரியோ கார்ட் ஓட்டம் ஒன்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஃபோர்ட்நைற் போட்டியை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, ஒரு சுற்று இருபது நிமிடம் வரை போகும். "சாப்பிட வா" என்று கூப்பிட்டதும் பிள்ளை வராததற்கு இதுவும் ஒரு காரணம். மைன்கிராஃப்ற்றைத் தனியாக விளையாடினால் எந்த நேரமும் நிறுத்தலாம், ஆனால் அது தானாக முடிவதில்லை. அங்கே மணிக்கூடு வேண்டும்.

3. உள்ளே காசு கேட்கிறதா? வட அமெரிக்காவில் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரப்படுத்தும் சபை 1994 முதல் வயதுக்குறி வழங்குகிறது. 'ஈ' என்றால் எல்லோருக்கும், 'ஈ 10+' என்றால் பத்து வயதுக்கு மேல், 'ரீ' என்றால் 13 வயதுக்கு மேல், 'எம்' என்றால் 17 வயதுக்கு மேல். வயதுக்குறியோடு நின்றுவிடாமல் அதனருகில் உள்ள சிறு எழுத்தையும் வாசியுங்கள். 2020 இல் வந்த ஃபிஃபா 21 உதைபந்தாட்டம் 'ஈ' குறி பெற்றது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பொதிகளும் அதில் உண்டு. இது ஒருவகை அதிர்ஷ்டச் சீட்டுத்தான்.

4. யாரோடு பேசலாம்? இணையத்தில் நடக்கும் உரையாடலுக்கு அந்தச் சபை தரம் வழங்குவதில்லை. அதைப் பெற்றோரே பூட்டிவைக்க வேண்டும்.

5. விமர்சகருக்கு யாராவது காசோ இலவசப் பிரதியோ கொடுத்தார்களா? காணொளியின் கீழ் உள்ள குறிப்பைப் பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் உடனே வாங்க வேண்டியதில்லை. ரொறன்ரோ பொது நூலகத்தில் வீடியோ விளையாட்டுகளையும் இரவல் எடுக்கலாம்.

பிள்ளையே விமர்சகராகட்டும்

இந்த விடுமுறையில் ஒரு சிறு முயற்சி செய்து பார்க்கலாம். ஒரு விளையாட்டைப் பத்து நாள் விளையாடிய பின் பிள்ளையையே பத்து வரியில் விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். எது பிடித்தது, எது சலித்தது, எத்தனை மணித்தியாலம் போனது, நிறுத்தும்போது கோபம் வந்ததா, தம்பிக்கோ தங்கைக்கோ இதைக் கொடுக்கலாமா என்று எழுதட்டும். தமிழில் எழுதினால் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம். "போதும் நிப்பாட்டு" என்று நாம் நூறு தரம் சொல்வதைவிட, போன மணித்தியாலத்தைப் பிள்ளை தன் கையால் எழுதிப் பார்ப்பது மனதில் படும். தாத்தா, பாட்டிமாரும் "என்ன விளையாட்டு, எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் இருக்கலாம். கதவு மூடிய அறையைவிட நடு வீட்டில் விளையாடுவது எப்போதும் நல்லது.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெறுகிறது. அதிக நேரம் விளையாடினால் மட்டும் அது நோயாகிவிடாது. விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், பாதிப்பு வந்த பின்னும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதமளவு நீடித்து, படிப்பையும் குடும்ப உறவையும் பாதித்திருக்க வேண்டும்.

அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. நித்திரை குழம்புதல், சாப்பாட்டைத் தவிர்த்தல், நண்பர்களைவிட்டு ஒதுங்குதல், விளையாடிய நேரத்தை மறைத்துப் பொய் சொல்லுதல் போன்றவை சில கிழமைகள் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். சில வேளைகளில் பிள்ளை விளையாட்டுக்குள் ஒளிவது பள்ளியில் நடக்கும் கேலிக்கோ மனச்சோர்வுக்கோ பயந்துதான். உபகரணத்தைப் பறித்தால் ஒளியும் இடம் போகும், துன்பம் போகாது. பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் சேவையை 1-800-668-6868 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எமது முன்னோர் வாக்கு. அந்த அளவை விமர்சனம் எழுதுபவர் எமக்குச் சொல்லித் தர மாட்டார். அவர் சொல்வது விளையாட்டைப் பற்றி. பிள்ளையைப் பற்றி அறிந்தவர்கள் நாம். இரண்டையும் சேர்த்து வைத்து, பிள்ளைகளோடு பேசி முடிவெடுப்போம். செப்ரெம்பரில் பள்ளி திறக்கும்போது எமது பிள்ளைகள் தெளிந்த கண்ணோடும் நிறைந்த நித்திரையோடும் வகுப்புக்குப் போகட்டும்.