காற்றைக் கணித்துப் பாய் எடுத்தார்கள்!

'கட்டுமரம்' என்ற நம் தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர் 'கேட்டமரான்' ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் நம் மீனவரின் கட்டுமரம் வேறு, பந்தயக் கேட்டமரான் வேறு. முன்னது மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. பின்னதோ, இரண்டு ஒல்லியான ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தது. பெயர் மட்டுமே நம்முடையது!

இந்தப் படகுக்கு மோட்டார் கிடையாது. பாய்தான் இன்ஜின். ஆகவே, பழைய பாய் தளர்ந்து புதியது வாங்கும் வேளை வந்தால் பந்தயக்காரருக்குத் தூக்கம் போய்விடும். பணம் இருக்கிறதே என்று பெரிய பாயாக வாங்கி மாட்டிவிட முடியுமா? முடியாது. ஒவ்வொரு ரகப் படகுக்கும் தனிச் சட்டம் உண்டு.

ரகத்துக்கு ஒரு விதி

'ஹோபி 16' ரகத்தில் படகுக் கம்பெனி அங்கீகரித்த பாயையே கட்ட வேண்டும். வெளியே தைத்த பாய் செல்லாது. பணக்காரரும் நடுத்தரக்காரரும் ஒரே பாயில் ஓட வேண்டும் என்பதே நோக்கம். 'ஏ' ரகத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. பாயும் கம்பமும் சேர்ந்து 13.94 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது; அதற்குள் யாரிடம் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். 'ஃபார்முலா 18' ரகத்திலோ படகில் ஏறும் இருவரின் எடையையும் பார்க்கிறார்கள். எடை குறைந்த ஜோடிக்குச் சிறிய முன்பாய்.

அடுத்தது துணி. நெய்த டெக்ரான் நெடுநாள் உழைக்கும். ஆனால் காற்று இழுத்து இழுத்து நாளடைவில் தொய்ந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே இழைகளை ஒட்டிச் செய்த பாய் வடிவம் கெடாமல் நிற்கும். ஆனால் மடித்துக் கசக்கினாலும் வெயிலில் போட்டாலும் ஒட்டு விட்டுப்போகும்.

மூன்றாவது, பாயின் 'வயிறு'. இளங்காற்றுக்கு வயிறு பருத்த பாய் நல்லது. பலத்த காற்றுக்குத் தட்டையான பாயே தாங்கும். இரண்டுக்கும் பொதுவான பாய் எதிலும் முதலிடம் தராது. இங்கேதான் சூதாட்டம் ஆரம்பமாகிறது.

சிங்டாவில் நடந்தது

20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட 'டொர்னாடோ' ரகம் 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பாய்ப் படகுப் போட்டிகள் சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் நடந்தன. அங்கே காற்று மந்தமாகவே வீசும் என்பது பொதுவான கணிப்பு.

அமெரிக்காவின் ஜான் லோவெல், சார்லி ஓகல்ட்ரீ ஜோடி 2004-ல் ஏதென்ஸில் வெள்ளிப் பதக்கம் வென்றவர்கள். சிங்டாவுக்கு அவர்கள் ஒரு புதுமையோடு வந்தார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது விரிக்கும் பெரிய பலூன் பாய்க்குப் பதில், காற்றை எதிர்த்துப் போகும்போதும் விரிக்கக்கூடிய தட்டையான பாய்! விதிப் புத்தகம் அதைத் தடுக்கவில்லை. மந்தக் காற்றில் அது பிரமாதமாக இழுக்கும். காற்று வலுத்தால் அதை எதிர்க்காற்றில் விரிக்க முடியாது. பின்காற்றிலோ வழக்கமான பாய்க்கு ஈடாகாது.

காற்று அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மந்தமாக இல்லை. ஸ்பெயின் தங்கமும், ஆஸ்திரேலியா வெள்ளியும், அர்ஜென்டினா வெண்கலமும் பெற்றன. அமெரிக்க ஜோடி பட்டியலின் அடிப்பகுதிக்குப் போனது. நான்காண்டு உழைப்பு ஒரு துணித் தேர்வில் கரைந்தது. டொர்னாடோவுக்கு அதுவே கடைசி ஒலிம்பிக் என்பதால், அதே படகில் மறு வாய்ப்பும் இல்லை.

அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. காற்று மந்தமாக இருந்திருந்தால் உலகமே அவர்களை மேதைகள் என்றிருக்கும். ஆனாலும் அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்: சாம்பியன் கட்டிய பாயைப் பார்த்து வாங்காதே, உன் எடையைப் பார், நீ வழக்கமாக ஓட்டும் நீரின் காற்றைப் பார், பணம் கட்டுமுன் விதிப் புத்தகத்தைப் பார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம், வராத காற்றை நம்பி முறத்தை மாற்றக் கூடாது.