அரை கிலோ மீட்டருக்காக 16 ஆண்டு இழுபறி! பரங்கிமலையைத் தொட முடியாமல் தவித்த பறக்கும் ரெயில்

சென்னை கடற்கரையில் கிளம்பிய பறக்கும் ரெயில், கால்வாய் ஓரமாகவே வந்து 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. அங்கே இருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோ மீட்டர். சைக்கிளை மிதித்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

ஆனால் ரெயில்? 2008-ல் தொடங்கிய வேலை 2024 முடிந்தபோதும் முடியவில்லை. 16 ஆண்டு ஓடிவிட்டது!

அந்த 5 கிலோ மீட்டரிலும் நாலரை கிலோ மீட்டருக்குப் பெரிய தகராறு இல்லை. தூண்கள் மளமளவென்று எழும்பின. மாட்டிக்கொண்டது கடைசி அரை கிலோ மீட்டர்தான். அந்தத் துண்டு நிலத்துக்காக ரெயில்வே ஒரு பக்கம், மாநில அரசு ஒரு பக்கம், வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். நடுவில் தவித்தது தினமும் ஆபீசுக்கும் கடைக்கும் ஓடும் ஜனங்கள்.

தலையைச் சுற்றி மூக்கு!

பரங்கிமலை சாதாரண ஸ்டேஷன் அல்ல. கடற்கரை-தாம்பரம்-செங்கல்பட்டு மின்சார ரெயில் அந்த வழியாகப் போகிறது. 2016 அக்டோபரில் மெட்ரோ ரெயிலும் வந்து சேர்ந்தது. பறக்கும் ரெயிலும் வந்துவிட்டால் 3 ரெயில்கள் ஒரே இடத்தில் சந்திக்கும்.

பல்லாவரத்தில் குடியிருக்கும் ஒருவருக்கு தரமணியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். பரங்கிமலையில் ரெயில் மாற வழி இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஆபீசில் இருப்பார். அந்த வழி இல்லாத காலத்தில் அவர் ரெயிலிலேயே போவது என்றால் பூங்கா ரெயில் நிலையம் வரை போகவேண்டும். அங்கே வேறு ரெயில் பிடித்து, வந்த திசைக்கே திரும்பி வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்!

வேண்டாம் என்றால் பஸ், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. காலை 9 மணிக்கு உள்வட்டச் சாலையில் வண்டி நகர்ந்தால் அதிர்ஷ்டம். மழை கொட்டினால் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும். அப்புறம் ஊரைச் சுற்ற வேண்டியதுதான்.

கால்வாய்க்குள் தூண் நட்டது ஏன்?

பறக்கும் ரெயில் தொடக்கம் முதலே ஆமை வேகம்தான். முதல் ரெயில் ஓடியது 1995 நவம்பரில். அது சேப்பாக்கத்தோடு நின்றது. மயிலாப்பூர் வர 1997 ஆயிற்று. திருவான்மியூரை எட்டியது 2004-ல். வேளச்சேரிக்கு வந்தது 2007 நவம்பரில். சுமார் 19 கிலோ மீட்டர் தூரத்தைத் திறந்து முடிக்கவே 12 ஆண்டு!

இந்தப் பாதையில் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயும் தூண் நட்டுக் கட்டப்பட்டது. காரணம் சுலபமானது. அது அரசாங்க நிலம். பட்டா நிலத்துக்காக வீட்டுக்காரர்களிடம் சம்மதம் கேட்டு நிற்கும் தொல்லை அதிகம் இல்லை. கால்வாய் குறுகிப் போனதே என்று சிலர் கத்தினார்கள். வேலை நிற்கவில்லை.

வேளச்சேரிக்கு அப்பால் கால்வாய் கிடையாது. உள்வட்டச் சாலை இருந்தது. அதுவும் அரசாங்க இடம். அதனால் புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் வரை பாலம் ஓடிவந்தது. சாலையை விட்டு விலகிப் பரங்கிமலைப் பக்கம் திரும்பும் இடத்தில்தான் ஜனங்களின் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. அங்கேதான் முட்டிக்கொண்டது!

வீடு கட்டியவன் கதை

அந்தப் பகுதி ஒன்றும் புறம்போக்கு அல்ல. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடன் வாங்கி, மனை வாங்கி வீடு கட்டியவர்கள் இருக்கும் இடம். அங்கே போய் "ரெயில் வருகிறது, காலி செய்" என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

வீடுகளை விட்டுவிட்டுப் பாதையை மாற்றுங்கள் என்று கேட்டார்கள். நஷ்டஈடு கட்டுப்படியாகாது என்றார்கள். முடிவில் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு நடந்தது. வேலை நின்றது. வெட்டவெளியில் பாலம் அப்படியே அந்தரத்தில் நின்றது.

சட்டம் அப்போது எப்படி இருந்தது? நிலம் எடுக்க 1894-ம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. முதலில் அரசிதழில் அறிவிப்பு வரும். அதன் பிறகு 30 நாளுக்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்கலாம். அதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார். அதற்குள் பாதை எது, தூண் எங்கே என்று வரைபடம் போட்டு முடித்திருப்பார்கள். அவசரம் என்று அரசு சொல்லிவிட்டால் அந்த விசாரணையும் கிடையாது!

2014 ஜனவரி 1-ந்தேதி புதிய நிலம் எடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. நிலம் எடுப்பதற்கு முன்பே ஜனங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆய்வு செய்யவேண்டும், அந்த ஊரிலேயே கூட்டம் போட்டுக் கருத்து கேட்கவேண்டும் என்ற விதி அதில்தான் சேர்ந்தது. ஆதம்பாக்கம் தூண்களோ அதற்கு 6 ஆண்டு முன்பே முளைக்கத் தொடங்கிவிட்டன.

கையில் நிலம் முழுசாக வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியதுதான் வினை. பாதிப் பாலத்தைக் கட்டி முடித்தபிறகு "பாதையை மாற்று" என்றால் யாரால் மாற்ற முடியும்? மாற்றினால் கட்டிய தூண் வீண். மாற்றாவிட்டால் வழக்கு. இரண்டிலும் நாள் போனது.

ஏறியது செலவு!

திட்டம் போட்டபோது மதிப்பீடு சுமார் ரூ.495 கோடி. கடைசியில் அது ரூ.730 கோடியைத் தாண்டியது. கூடுதலாக ரூ.230 கோடிக்கு மேல்! சிமெண்டு விலையும் கம்பி விலையும் கூலியும் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்குமா?

இந்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசுடையது. மீதி ரெயில்வே. இரண்டு கஜானாவிலும் இருப்பது ஜனங்கள் கட்டிய வரிப்பணம்தான்.

நிலப் பிரச்சினை ஒரு வழியாகத் தீர்ந்து வேலை மறுபடியும் சூடு பிடித்தது. அப்போது இன்னொரு அடி. 2024 ஜனவரியில் தில்லை கங்கா நகர் அருகே இரண்டு தூண்களுக்கு நடுவே பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

பின்னால் வந்த மெட்ரோ முந்தியது

இதை மெட்ரோ ரெயிலோடு ஒப்பிட்டால்தான் வேதனை புரியும். மெட்ரோ வேலை 2009-ல் தொடங்கியது. பரங்கிமலைக்கான பறக்கும் ரெயில் வேலைக்கு ஒரு ஆண்டு பின்னால்! மெட்ரோவுக்கும் நிலம் எடுத்தார்கள். அதற்கும் வழக்குகள் வந்தன. ஆனாலும் 2015 ஜூனில் கோயம்பேடு-ஆலந்தூர் ரெயில் ஓடியது. அடுத்த ஆண்டே பரங்கிமலைக்கும் வந்துவிட்டது. முன்னால் கிளம்பியவன் ஆதம்பாக்கத்தில் நிற்க, பின்னால் வந்தவன் சீட்டு பிடித்து உட்கார்ந்துவிட்டான்!

7 மாதம் என்றார்கள்

பறக்கும் ரெயில் பயணிகளுக்கு இழுபறி புதிதும் அல்ல. கடற்கரை-எழும்பூர் 4-வது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டு 27-ந்தேதி கடற்கரை-சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரெயிலை நிறுத்தினார்கள். 7 மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுபடி ரெயில் ஓடியது 2024 அக்டோபர் 29-ந்தேதி. 14 மாதம்!

அந்த 14 மாதமும் பாரிமுனைக்கு வேலைக்கு வந்தவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் தனியாகக் காசு கொடுத்தார்கள். 5 ரூபாய் ரெயில் டிக்கெட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவனுக்கு அது சின்னச் செலவா?

சட்டம் 2010-ல், கூட்டம் 2022-ல்!

பஸ் ஒரு இலாகா, மின்சார ரெயில் ஒரு இலாகா, மெட்ரோ ஒரு கம்பெனி. மூன்றையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க ஒரு குழுமம் வேண்டும் என்று 2010-லேயே சட்டம் போட்டார்கள். 'கும்டா' என்று அதற்குச் சுருக்கப் பெயர். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். உட்காரவே 12 ஆண்டு! மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்று' செல்போன் செயலி 2025 செப்டம்பரில்தான் வந்தது.

ஜனங்கள் கேட்பது என்ன?

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தூண் நடுவதற்கு முன்னால் கேளுங்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று தமிழில் எழுதி, வரைபடத்தோடு தெருமுனையில் ஒட்டுங்கள். கூட்டத்தை வேலை நாளில் பகல் 11 மணிக்கு வைக்காமல், கடைக்காரரும் குமாஸ்தாவும் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். வீடு இழப்பவருக்கு வேறு வீடு பார்க்கப் போதுமான பணத்தை முதலில் கையில் கொடுங்கள். வேலை என்று முடியும் என்று போர்டு வையுங்கள். தேதி தள்ளிப்போனால் காரணத்தையும் அதே போர்டில் எழுதுங்கள்.

தூண் நட்டபிறகு கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதற்குப் பெயர் கருத்துக் கேட்பு இல்லை, பஞ்சாயத்து.

சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோ மீட்டர் தூரத்துக்கு ரூ.63,246 கோடி செலவில் எடுத்துக்கொள்ளப்பட்ட திட்டம். அரை கிலோ மீட்டரில் தடுக்கி விழுந்த ஊர் இது. இத்தனை பெரிய பாதையில் இன்னும் எத்தனை அரை கிலோ மீட்டர் காத்திருக்கிறதோ!