ஒரு மீட்டர் துடுப்பும் ஒரு மூச்சும்

பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலத்தில் ஏறித் தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடல் அன்றாடக் காட்சி. 24 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் 16.9 கிலோமீட்டர் தண்ணீருக்கு மேலேயே ஓடுகிறது. ஆனால் கீழே பார்த்தால் யாருக்கும் குதிக்கத் தோன்றாது. சேறும் சதுப்புநில மண்ணும் கலந்து, ஆறிப்போன தே தாரிக் நிறத்தில் கிடக்கும் தண்ணீர் அது. முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது.

அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில்தான் வெள்ளிக்கிழமை மாலையானால் தோளில் ஒரு மீட்டருக்கும் மேலான பையைத் தொங்கவிட்டபடி இளைஞர்கள் கிளம்புகிறார்கள். கித்தார் என்று நினைத்தால் தவறு. உள்ளே இருப்பது ஃபின்ஸ், அதாவது காலில் மாட்டும் நீளத் துடுப்பு. ஆக்சிஜன் தோம்பு இல்லாமல், ஒரே மூச்சில் மூழ்கி எழும் ஃப்ரீடைவிங்குக்கும், அதே மூச்சில் ஈட்டியால் மீன் பிடிப்பதற்கும் இதுதான் முதல் கருவி. முதல் தவறும் பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது.

இந்தக் கட்டுரையே அப்படி ஒரு தவறில் பிறந்ததுதான். காணொளிகளைப் பார்த்து மயங்கி, இணையத்தில் கார்பன் ஃபின்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். கறுப்பு நிறம், கண்ணாடிபோல் மினுமினுப்பு, மாதச் சம்பளத்தில் பெரிய கடி. பிளேடு 'ஹார்ட்' வகை. கடினமானது என்றால் வேகமானது என்று எனக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். முதல் கடல் பயணத்தில் எட்டு மீட்டர் ஆழத்தில் இரண்டு கெண்டைக்காலும் ஒன்றாகப் பிடித்து இழுத்தன. மேலே வர உதைக்க வேண்டும். உதைக்கக் கால் இல்லை. மேற்பரப்பில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த நண்பன் இறங்கி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். அன்றைக்கு அவன் அந்த நேரம் மீன் பார்க்கத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை. "உனக்குத் தண்ணியில கண்டம்" என்று ஜாதகம் பார்த்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்.

நீளம் எதற்கு?

சாதாரண ஸ்நோர்கலிங் ஃபின்ஸ் ஏறத்தாழ 50 முதல் 60 சென்டிமீட்டர் இருக்கும். ஃப்ரீடைவிங் ஃபின்ஸ் 85-இல் தொடங்கி ஒரு மீட்டரை நெருங்கும். நீளம் கூடுவது வேகத்துக்காக என்பது பாதி உண்மை. உண்மையான காரணம் சிக்கனம். உடலில் ஆக்சிஜனை அதிகம் தின்னும் தசைகளில் தொடைத் தசைகள் முக்கியமானவை. குட்டைத் துடுப்போடு படபடவென்று பத்து முறை உதைத்துப் போகும் தூரத்தை, நீளத் துடுப்பு நாலைந்து நிதானமான உதையில் கடந்துவிடும். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சத் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட லாபம். படகோட்டிகளுக்கு இது பரம்பரையாகத் தெரிந்த கணக்கு.

மூழ்கும்போது வேலை முழுக்கக் காலுக்குத்தான் என்பதும் இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, நுரையீரலில் உள்ள காற்று பாதிக் கனஅளவுக்குச் சுருங்குகிறது. மிதக்கும் சக்தி குறைந்து, ஓரிடத்துக்குப் பிறகு உடல் தானாகவே கீழே இறங்கும். அங்கே உதைக்காமல் சும்மா விழலாம். ஆனால் திரும்பி வரும்போது அதே இடத்திலிருந்து உடலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். காலும் துடுப்பும் ஒத்துப்போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

பழைய கதை ஒன்று

இந்தத் துடுப்பு வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு என்று சொல்வார்கள். காப்புரிமைக் கணக்கில் சரிதான். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ 1933-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஓவன் சர்ச்சில் அதை 1940-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் மன்னார் வளைகுடாவில் சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்கிய நம்மவர்கள், கடையில் விற்கும் ஃபின்ஸுக்குக் காத்திருக்காமல் அலுமினியத் தகட்டை வெட்டிப் பாதத்தில் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள். அதற்கும் முந்திய தூத்துக்குடி முத்துக்குளிப்பில் துடுப்பே கிடையாது. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்துக் கீழே போவார்கள். படகில் இருப்பவர் இன்னொரு கயிற்றால் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. தங்கை தாலி அறுந்துபோக எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது அதன் கணக்கு. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு பெரிய அளவில் நடக்கவில்லை. ஆனால் மேலே ஒருவர் விழிப்போடு இருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை மட்டும் இன்றைய பயிற்சி நிலையங்கள் அப்படியே வைத்திருக்கின்றன. 'ஒருவர் கீழே, ஒருவர் மேலே.'

நம் பக்கத்திலேயே இன்னும் வியப்பான மக்கள் இருக்கிறார்கள். சபாவிலும் இந்தோனேசியாவிலும் வாழும் பஜாவ் கடல் மக்கள். மத்திய சுலவேசியில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. அவர்களுடைய மண்ணீரல், கடலுக்குப் போகாத அக்கம்பக்கத்து மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிதாக இருந்தது. மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்த சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுகிறது. நமக்கும் மண்ணீரல் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக மூழ்கியவர்களின் உடல் நமக்கு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எதை வாங்குவது?

கடையில் மூன்று வகை கிடைக்கும். பிளாஸ்டிக் பிளேடு விலை குறைவு, சில நூறு ரிங்கிட்டில் முடியும். கனம் கூடுதல், வளைந்து நிமிர்வதில் கொஞ்சம் சோம்பல், ஆனால் பாறையில் மோதினாலும் பிழைத்துக்கொள்ளும். ஃபைபர்கிளாஸ் நடுவாந்திரம். கார்பன் இலேசானது, ஒவ்வொரு உதையின் சக்தியையும் துள்ளலோடு திருப்பித் தரும். விலை ஆயிரத்தைத் தாண்டிப் போகும், கல்லில் அடிபட்டால் விரிசல் விடும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் ஆண்டுக்குப் பிளாஸ்டிக் போதும். ஈட்டி மீன்பிடிப்பை மட்டுமே எண்ணுகிறவருக்கு அதற்குப் பிறகும் போதும். பாறை இடுக்கில் ஒட்டிப் படுத்து மீனுக்காகக் காத்திருப்பவரின் துடுப்பு கல்லில் உரசாமல் இருக்காது. கார்பன் 'டக்' என்று தட்டும் ஒலி தண்ணீரில் தூரம் கேட்கும், மீன் ஓடிவிடும்.

பொருளைவிட முக்கியமானது இரண்டு. ஒன்று, விறைப்பு. எடை குறைந்தவர்கள், அலுவலக நாற்காலியில் நாளைக் கழிப்பவர்கள், பெண்களில் பலர், எல்லாருக்கும் மென்மையான பிளேடே தொடக்கத்துக்கு ஏற்றது. நான் செய்ததுபோல் 'ஹார்ட்' என்ற சொல்லில் வீரத்தைத் தேட வேண்டாம். மென்மையான பிளேடு காலை மன்னிக்கும், நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்கும்.

இரண்டாவது, கால் உறை. என்னைக் கேட்டால் பாதிப் பணம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். நீளத் துடுப்புகளில் குதிகாலையும் மூடும் ரப்பர் உறைதான் வழக்கம். உள்ளே மெல்லிய நியோப்ரீன் காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். கடைக்குப் போகும்போது அந்தக் காலுறையையும் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் மாலையில். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், கடலில் மணிக்கணக்கில் போடுவதும் அப்படித்தான். வெறுங்காலிலும் சிலிப்பரிலும் வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி அகலம். ஐரோப்பியப் பாதத்துக்கு அளந்த சில உறைகள் சுண்டுவிரலை நசுக்கும். எண் சரியாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கினால், அரை மணி நேரத்தில் பாதத்தின் வளைவு வலிக்கத் தொடங்கும். குதிகால் ஆடினாலோ உதைக்கிற சக்தியில் பாதி வீண். பிளேடையும் உறையையும் தனித்தனியாக மாற்றக்கூடிய வகையாக இருந்தால் பின்னால் பிளேடை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

பயிற்சிக்குப் போகும் இடத்தில் வாடகைக்கு நாலைந்து வகைகளை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது. படத்தைப் பார்த்துப் பெண் பார்ப்பதும் படத்தைப் பார்த்து ஃபின்ஸ் வாங்குவதும் ஒன்றுதான்.

கால் பழகும் காலம்

புதுத் துடுப்பை நேராகக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீச்சல் குளம் போதும். ஆனால் எல்லாக் குளத்திலும் நீளத் துடுப்பை விடமாட்டார்கள், மூச்சடக்கும் பயிற்சியை அநேகமாக எங்குமே தனியாகச் செய்யவிடமாட்டார்கள். முன்னதாகக் கேட்டு, கூட்டமில்லாத நேரத்தில் போகலாம்.

முதல் சில நாட்கள் மூழ்கவே வேண்டாம். ஸ்நோர்கல் குழாய் வழியாக மூச்சு விட்டபடி, முகம் கவிழ்த்து, 25 மீட்டரை மெதுவாகக் கடந்து திரும்பினால் போதும். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்கால் இலேசாக மட்டும் மடங்க வேண்டும். புதியவர்கள் எல்லாரும் சைக்கிள் மிதிப்பார்கள். முழங்கால் வயிறு நோக்கி வரும், பிளேடு தண்ணீரை வெட்டிக்கொண்டு வழுக்கும், ஆள் நகரமாட்டார். கால் விரல்கள் நீண்டு, கணுக்கால் தளர்ந்திருக்கட்டும். கணுக்கால் விறைத்தவர்கள் வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் வஜ்ராசனத்தில் உட்காரலாம். யோகா வகுப்பில் சும்மா சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தது இங்கே உதவும்.

ஒரு நீளத்துக்கு எத்தனை உதை என்று எண்ணுங்கள். அந்த எண் வாரத்துக்கு வாரம் குறைந்தால் பழகுகிறது என்று பொருள். பிளேடு தண்ணீருக்கு மேலே வந்து 'சப்' என்று அறைந்தால் சக்தி காற்றில் போகிறது. கடலில் தலைகீழாக இறங்கும்போதும் இதே பாடம்தான். காலைத் தூக்கி, துடுப்பு முழுவதும் தண்ணீருக்குள் போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முதல் உதை. அவசரப்பட்டால் பாதி மூச்சு மேற்பரப்பிலேயே செலவாகிவிடும்.

கெண்டைக்கால் பிடித்தால் மேற்பரப்பில் மல்லாந்து, பிளேடின் நுனியைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். விட்டுவிடும். கரையில் மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடக்க முயல வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். பவளப் பாறை இருக்கும் இடத்தில் இன்னும் கவனம். உங்கள் காலுக்குப் பின்னால் அரை மீட்டருக்கு மேல் ஒரு தகடு ஆடிக்கொண்டிருக்கிறது, அது உங்கள் கண்ணில் படாது.

எங்கே, எதற்கு அனுமதி?

நம் வீட்டு வாசல் கடல் பயன்படாது என்பதால் பயணம் போகத்தான் வேண்டும். லங்காவிக்குத் தெற்கே புலாவ் பாயார் நமக்கு அருகிலுள்ள கடல் பூங்கா. கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான். நவம்பர் தொடங்கி மழைக்காலத்தில் அங்கே விடுதிகள் பல மூடிவிடும். ஃப்ரீடைவிங் முதல் நிலைப் பயிற்சி பொதுவாக இரண்டு மூன்று நாள், ஆழம் 20 மீட்டரைத் தாண்டாது. அதுவே போதுமானதற்கும் மேல்.

ஈட்டி ஆசைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் பூங்காக்களில், பெரும்பாலும் தீவின் கரையிலிருந்து 2 கடல்மைல் வரை, எந்த வகையிலும் மீன்பிடிக்கத் தடை. ஈட்டித் துப்பாக்கியோடு அங்கே போய்ப் 'படம் எடுக்கத்தான் வந்தோம்' என்பது எடுபடாது. மற்ற இடங்களுக்கும் போகுமுன் மீன்வளத் துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் தண்ணீருக்குள் மட்டுமே ஏற்ற வேண்டும், யாரை நோக்கியும் திருப்பக் கூடாது, தலைக்கு மேல் கொடி கட்டிய மிதவை இருக்க வேண்டும். பெரிய கெராப்பு கண்ணில் பட்டால் ஒரு நொடி யோசிக்கலாம். அந்த இனத்தில் பல, பெண்ணாகப் பிறந்து பெரிதான பிறகு ஆணாக மாறுபவை. பெரியதையே தேடித் தேடி எடுத்தால் அங்கே ஆண் மிஞ்சாது.

மேலே நிற்பவர்

துடுப்பு நன்றாகப் பழகிய பிறகுதான் ஆபத்து கூடுகிறது. சிரமமில்லாமல் ஆழம் போக முடிவதால், திரும்பும் கணக்கு மறந்துபோகும். மூச்சு முட்டும் உணர்வு ஆக்சிஜன் குறைவதால் வருவதல்ல, கரியமில வாயு சேர்வதால் வருவது. இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் கரியமில வாயு குறைகிறது, எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கிறது, ஆக்சிஜன் கூடுவதோ பெயருக்குத்தான். மேலே வரும் கடைசி 10 மீட்டரில் அழுத்தம் குறையக் குறைய உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சட்டென்று சரியும். ஆள் எந்த அறிகுறியும் காட்டாமல் மயங்கிவிடுவார். மேற்பரப்புக்கு வந்து ஒரு மூச்சு விட்ட பிறகும் மயங்குவதுண்டு.

ஆகவே கூட்டாளி என்பவர் பக்கத்தில் நீந்துகிறவர் அல்ல. நீங்கள் கீழே இருக்கும்போது மேலே முகம் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருப்பவர், நீங்கள் வந்த பிறகும் 30 வினாடி கண்ணை எடுக்காதவர். மயங்கினால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, முகமூடியைக் கழற்றி, முகத்தில் ஊதி, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர். பெரும்பாலோர் இதிலேயே கண் விழித்துவிடுவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் மீனைத் துரத்திக்கொண்டு இறங்கினால் அங்கே கூட்டாளி யாரும் இல்லை.

பிள்ளை இந்த நீளப் பையோடு கிளம்பும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மீட்டர் போவாய் என்பதல்ல. மேலே யார் நிற்பார், அவருக்கு மீட்கத் தெரியுமா என்பதுதான்.

என் கார்பன் துடுப்பை ஒரு வருடம் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். நடுவில் பிளாஸ்டிக் ஒரு ஜோடி, மென்மையானது, பச்சை நிறம், பார்க்கச் சகிக்காது. அதில் 25 மீட்டருக்குப் பதினெட்டு உதை என்பது பதினொன்றாகக் குறைந்தது. போன மாதம் கார்பனை எடுத்து, கெண்டைக்கால் வலுவான ஒரு நண்பனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். எட்டு மீட்டரிலிருந்து என்னைத் தூக்கியவன் அவன்தான், அதனால் பேரம் பேசவில்லை.