தூய்மை குறிக்கும் சொற்கள்: ஒரு சொற்பொருள் நோக்கு

1. தோற்றுவாய்

பிறமொழியாளர் ஒருவர் தமிழ் கற்கப் புகும்போது அறம், அன்பு, வீடு போன்ற பெருங்கருத்துச் சொற்களில் அவர் மிகுதியாக இடர்ப்படுவார் என நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. அத்தகைய சொற்களை அகராதியும் உரையும் கொண்டு அவர் அறிந்துகொள்வார். ஆனால் கையைக் கழுவுகிறோம், துணியைத் துவைக்கிறோம், பல்லை விளக்குகிறோம், அரிசியைக் களைகிறோம் என்னும் நான்கு தொடர்களில் வினை ஏன் வேறுபடுகின்றது என்பதை அகராதி அவருக்கு எளிதில் உணர்த்தாது. நாமும் இவ்வேறுபாட்டை நினைந்து பார்ப்பதில்லை; தாய்மொழியாதலின் அது கண்ணுக்குப் புலனாகாமல் நிற்கின்றது.

தூய்மை பற்றிய சொற்களைத் தமிழ், ஆங்கிலம், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் ஒப்புநோக்கி, அவற்றால் அறியலாகும் உண்மைகள் சிலவற்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். பாரசீகத்தைச் சேர்த்துக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. அம்மொழிச் சொற்கள் சில உருதுவின் வழியாகவும் மராட்டியின் வழியாகவும் தமிழ் வழக்கில் கலந்துள்ளன; துப்புரவுத் தொழில் பற்றிய இந்திய ஆட்சிச் சொற்களிலும் அதன் சாயல் படிந்துள்ளது.

2. வினைச்சொற்கள்

அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்டசோழபுரத்தை அடுத்துள்ள மீன்சுருட்டி போன்றதோர் ஊரில், பழமுறை மாறாத வீடொன்றின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். வாசலைப் பெருக்கிச் சாணம் தெளிப்பர். மண் தரையாயின் மெழுகுவர். பித்தளைக் கலங்களைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்குவர். பின்னர் நீரில் அலசுவர். அரிசியைப் புடைத்துக் களைவர். அந்நீர் கழுநீர் எனப் பெயர் பெற்று மாட்டுத் தொட்டிக்குச் செல்லும். துணியைத் துவைத்து அலசிப் பிழிந்து காயவைப்பர். குளிப்பர், திருநாளாயின் தலை முழுகுவர். இங்குக் கூறிய வினைகளுள் பெரும்பாலனவற்றிற்கு நோக்கம் ஒன்றே: அழுக்கு நீங்குதல். எனினும் ஒவ்வொன்றற்கும் தனிச்சொல் அமைந்துள்ளது.

பாரசீகத்தில் 'ஷொஸ்தன்' என்னும் ஒரு வினையே கை, கலம், துணி, அரிசி ஆகிய அனைத்திற்கும் வரும். ஆங்கிலத்தின் 'வாஷ்' என்பதும் அங்ஙனமே. ஆதலின் பாரசீக மொழியாளர் ஆங்கிலம் கற்கும்போது இவ்விடத்தில் பெரிதும் தடுமாறுவதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை வைத்துக்கொள்கிறார். அவரே தமிழ் கற்கும்போது ஒரு சொல் பலவாகப் பிரியக் காண்கிறார். 'துணியைக் கழுவினேன்' என்று அவர் கூறினால் பொருள் விளங்கும்; ஆயினும் கேட்போர் புன்முறுவல் செய்வர்.

இவ்வேறுபாட்டின் அடிப்படை யாது? தமிழ் வினைகள் நோக்கத்தைவிடச் செய்முறையையே சுட்டுகின்றன என்பதே விடையாகும். துவைத்தல் என்பதற்கு அடித்தல், குற்றுதல் என்னும் பொருள்களும் உண்டு; கல்லில் அடிக்கப்படும் துணிக்கு அது பொருந்துகின்றது. விளக்குதல் என்பது ஒளிபெறச் செய்தல். பல்லும் பித்தளையும் தேய்த்தலால் ஒளி பெறுவன. களைதல் என்பது வேண்டாததை நீக்குதல். அரிசியிலிருந்து தவிட்டையும் பயிரிடையிலிருந்து புல்லையும் நீக்குகிறோம். வெளுத்தல் நிறத்தைச் சுட்டுவது. கூட்டுதல் என்பது சிதறிய குப்பையை ஓரிடத்துச் சேர்த்தல்.

இறுதியிற் கூறிய சொல் புதிதாகக் கற்போரைப் பெரிதும் மயக்குவது. கணக்கில் கூட்டலும் பெருக்கலும் கற்ற ஒருவர், 'வீட்டைக் கூட்டு', 'வாசலைப் பெருக்கு' என்னும் தொடர்களைக் கேட்குங்கால் திகைத்தல் இயல்பே. குப்பை சேர்வதைக் காட்டிக் கூட்டுதலைக் கற்பித்தால் அம்மயக்கம் நீங்கும். இத்தகைய சொற்களைப் பட்டியலாகக் கற்பிப்பதினும் செயலோடு சேர்த்துக் கற்பித்தலே தக்கது என்பது நம் கருத்து.

3. கருவிப் பெயர்கள்

கருவிப் பெயர்களில் தமிழும் பாரசீகமும் ஒரு நெறியே செல்கின்றன. துடைப்பம் துடைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. விளக்குமாறு என்பது விளக்குதற்குரிய மாறு. பாரசீகத்தின் 'ஜாரூ' என்பதன் முழுவடிவம் 'ஜாரூப்'. 'ஜா' என்பது இடம், 'ரூப்' என்பது பெருக்குதலைக் குறிக்கும் உறுப்பு. ஆகவே அச்சொல் 'இடம் பெருக்கி' எனப் பொருள்படும். 'ரூமால்' என்பதும் அவ்வாறு அமைந்ததே. 'ரூ' முகம், 'மால்' துடைப்பது.

இந்த ரூமால் தமிழுக்கு வந்து உருமால், உருமாலை என வழங்கியது. வந்த இடத்தில் அது முகத்தைத் துடைப்பதோடு நில்லாது தலைப்பாகையையும் குறிப்பதாயிற்று. தன் மொழிச் சொல்லைக் கேட்டு மகிழும் பாரசீகர், அது தலையில் ஏறியிருத்தலைக் கண்டு வியப்பர். துவாலை என்பது போர்த்துக்கீசியத்திலிருந்தும், கக்கூசு என்பது டச்சு மொழியிலிருந்தும், சோப்பு, பினாயில் என்பன ஆங்கிலத்திலிருந்தும் வந்தவை. வணிகரும் ஆட்சியாளரும் வந்த வரலாறு குளியலறைச் சொற்களிலும் பதிந்துள்ளது.

4. பண்புப் பெயர்கள்

தூய்மை என்பது 'தூ' என்னும் அடியிற் பிறந்தது. வெண்மை, மாசின்மை ஆகிய இரு பொருளும் அவ்வடிக்கு உரியன. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் காரணமாகக் கூறினார். ஒரு சொல்லே உடற்கும் உளத்திற்கும் பொதுவாதலை அக்குறள் (298) நன்கு காட்டும்.

பாரசீகத்தின் 'பாக்' என்பதும் அகம் புறம் இரண்டிற்கும் உரியது. 'தமீஸ்' என்னும் பிறிதொரு சொல் பிரித்தறிதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழி வந்தது. இன்றைய பாரசீகத்தில் அது புறத்தூய்மையைக் குறிக்க, உருதுவில் நன்னடத்தையைக் குறிக்கின்றது. நம் மொழிப்பெயரோடு ஒலியளவில் ஒத்திருப்பினும் இச்சொற்கு அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை.

மும்மொழிக்கும் பொதுவானதொரு வழக்கு நம் கருத்தைக் கவர்கின்றது. 'சுத்தமாக மறந்துவிட்டேன்' என்று தமிழர் பேச்சு வழக்கில் கூறுவர். 'பாக்' என்னும் சொல்லையே வைத்துப் பாரசீகரும், 'கிளீன்' என்னும் சொல்லையே வைத்து ஆங்கிலேயரும் அவ்வாறே கூறுகின்றனர். எச்சமின்மை என்னும் கருத்து மூவர் உள்ளத்தும் தூய்மையோடு இயைந்து நிற்கின்றது.

பழமொழிகளிலோ நாட்டுக்கு நாடு நோக்கு வேறுபடுகின்றது. ஆங்கிலேயர் தூய்மையைத் தெய்வத்தன்மைக்கு அடுத்தபடியில் வைத்தனர். பாரசீகர் அதனை இறைநம்பிக்கையின் ஒரு கூறாகக் கொண்டனர். தமிழரோ 'சுத்தம் சோறு போடும்' என்றனர்.

5. தூய்மை செய்வோர் பெயர்கள்

அச்சோறு தூய்மை செய்வோர்க்கு எங்ஙனம் கிடைத்தது என்பதை அவர்தம் பெயர்களே கூறும். சங்க நூல்களில் ஆடை வெளுப்பவள் புலைத்தி எனப்படுகின்றாள். புலை என்பது இழிவையும் தீட்டையும் குறிக்கும் சொல். அழுக்கை நீக்கும் கை அழுக்கின் பெயராலேயே வழங்கப்பட்டது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் வரும் ஈரங்கொல்லி என்னும் பெயர் தொழிலை மட்டும் சுட்டுவது. கோயிலில் பயன்படும் துடைப்பமோ 'திருவலகு' என்றும், தரை மெழுகும் பணி 'திருமெழுக்கு' என்றும் சிறப்புப் பெற்றன. பணி ஒன்றாயினும் இடத்திற்கேற்பச் சொல்லின் தகுதி உயர்ந்தமை இதனால் விளங்கும்.

வடபுலத்தில் மலம் அள்ளுவோரை 'மெஹ்தர்' என்றனர். பாரசீகத்தில் அச்சொற்குப் பெரியோன், தலைவன் என்பதே பொருள். பெயரை உயர்த்தினரேயன்றி ஆளை உயர்த்தினாரல்லர். நாளடைவில் அவ்வுயர்ந்த சொல்லே இழிபொருள் எய்திற்று. தொழிலின்மேல் உள்ள இழிவு நீங்காதவரை எத்துணை உயர்ந்த பெயரும் தாழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழிலும் இதனையொத்த மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. தோட்டி என்னும் பெயர் நீங்கித் துப்புரவுப் பணியாளர் என்பது வந்தது. 2020-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனைத் தூய்மைப் பணியாளர் என மாற்றியது. நடுவண் அரசு 1994-இல் அமைத்த ஆணையமும் சாப் என்னும் அரபு–பாரசீகச் சொல்லடியாகிய 'சபாயி' என்பதைத் தன் பெயரிற் கொண்டுள்ளது. கையால் மலம் அள்ளச் செய்தலைத் தடுக்கும் சட்டங்கள் 1993-லும் 2013-லும் இயற்றப்பட்டன. முதற் சட்டத்தின் பின்னரும் இரண்டாவது வேண்டியதாயிற்று என்பதே, பெயரும் விதியும் தாமாகவே வாழ்வை மாற்றிவிடா என்பதை உணர்த்தும்.

துப்புரவு என்னும் சொல்லின் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. பழந்தமிழில் அதற்குத் தூய்மை என்பது பொருளன்று. நுகர்தற்குரிய பொருள்கள் என்பதே பொருள். வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1050) அப்பொருளிலேயே அதனை ஆண்டு, அவை இல்லாதாரின் வறுமையைப் பேசுகின்றார். பிற்காலத்தே துப்புரவுப் பணியாளர் எனப் பெயர் பெற்றோருட் பலர், அச்சொல்லின் பழம்பொருளாகிய நுகர்பொருள் அற்றவராகவே வாழ்ந்தனர்.

6. முடிவுரை

தூய்மை பற்றிய தமிழ் வினைகள் செய்முறையை ஒட்டிப் பிரிகின்றன. ஆங்கிலமும் பாரசீகமும் பொதுவினையையே மிகுதியாகக் கொள்கின்றன. பண்புப் பெயர்களில் மும்மொழியும் அகத்தையும் புறத்தையும் இணைக்கின்றன. தூய்மை செய்வோர் பெயர்களிலோ சொல்லின் பொருளைச் சமுதாய மதிப்பே முடிவு செய்கின்றது.

ஆதலின் பிறமொழியாளர்க்குத் தமிழ் கற்பிப்போர் கழுவு, துவை, விளக்கு என்பவற்றின் வேறுபாட்டைக் காட்டுவதோடு அமைதல் கூடாது. புலைத்தி, தோட்டி, துப்புரவு, தூய்மை என்னும் சொற்களின் வரலாற்றையும் உடன் உரைத்தல் வேண்டும். அகராதி தொகுப்போர் பழம்பெயர்களை மறைத்தலும் ஆகாது. எவ்வகைக் குறிப்புமின்றி அவற்றைப் பொருளாகத் தருதலும் ஆகாது. இழிவழக்கு எனக் குறித்து, இன்று ஏற்புடைய சொல்லையும் அருகே தருதல் அவர் கடன். முதுகலை மாணவர் தத்தம் ஊரில் வழங்கும் இத்தகைய சொற்களைத் திரட்டுவாராயின், மண்தரையும் பித்தளைக் கலமும் அருகிவரும் இக்காலத்தில், அவற்றோடு மறையும் வினைகளையேனும் காத்தவராவர்.